ஜிப்சி முன் நக்கிளில் ஆயில் கசிவு, 60-இல் ஸ்டீயரிங் உதறல், ஃபோர் லோவில் லிவர் குதிப்பது: பார்க்கிங்கிலேயே வைத்துப் பிரிக்கலாமா?

மேட்டுநிலம்

வணக்கம். 2007 மாருதி ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்), சாஃப்ட் டாப். பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நிற்கிறது. தளிக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்துக்குப் போய்வரத்தான் வண்டி. மழை பெய்தால் கடைசிப் பாதை முழுக்கக் களிமண், ஃபோர் வீல் இல்லாமல் ஏறாது.

மூன்று தொல்லை. முன் வலது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் உருண்டைப் பகுதியில் (சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் இருக்கும் இடம்) கறுப்பாக ஆயில் வழிந்து டயரின் உட்பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. 55-லிருந்து 65 கி.மீ. வேகத்துக்குள் ஸ்டீயரிங் உதறுகிறது, சின்னக் குழியில் ஏறி இறங்கினால் உடனே ஆரம்பிக்கிறது, வேகம் குறைத்தால்தான் அடங்குகிறது. மூன்றாவது, ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் டாம்பர் மாற்றினால் போதும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் முன் ஆக்சிலை முழுசாக இறக்கணும், ட்ரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிரிக்கணும் என்கிறார்கள். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு, பிரேக் பேட், ஆயில் மாற்றுவது எல்லாம் நானே செய்வதுதான். இதை வீட்டில் செய்யலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்பானர்14

சார், டாம்பருக்குக் காசு போடாதீங்க. டாம்பர் உதறலை அமுக்கி வைக்கும், உதறலுக்குக் காரணமான தேய்மானம் உள்ளே அப்படியே வளரும். நல்லா இருக்கிற முன் ஆக்சில் டாம்பர் இல்லாமலேயே 80-ல நேரா ஓடணும்.

எதையும் கழற்றுறதுக்கு முன்னாடி மூணு சோதனை பண்ணுங்க. கழற்றிட்டா இதையெல்லாம் பார்க்க முடியாது.

முதல்ல வழியற ஆயிலை விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கியர் ஆயில்னா கந்தக வாடை அடிக்கும், நல்லா வழுவழுன்னு இருக்கும். பிரேக் ஃப்ளூயிடுல அந்த வாடை இருக்காது, பட்ட இடத்துல பெயிண்ட் உரியும். கிரீஸ் மட்டும் கட்டியா ஒட்டிக்கிட்டு இருந்தா அது உருண்டையைத் துடைக்கிற வெளி வைப்பர் சீலோட கசிவு, அவசரம் இல்ல. கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து கூழா வந்தா ஆக்சில் குழாய்க்குள்ள இருக்கிற உள் சீல் போயிடுச்சு. டிஃப்ரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள்ள வந்து கிரீஸைக் கரைச்சு வெளியே தள்ளுது. நீங்க சொல்றதைப் பார்த்தா இதுதான்.

ரெண்டாவது, முன் ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி கொடுத்து சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் போயிட்டா வீல் பேரிங். மிதிச்ச பிறகும் ஆடுதுன்னா கிங்பின் பேரிங் (நக்கிள் திரும்பற அச்சோட பேரிங்). அப்புறம் இடது வலதா பிடிச்சு ஆட்டுங்க. அதுல ஆட்டம் இருந்தா டை ராட் எண்டு இல்ல ட்ராக் ராட் எண்டு. ஒருத்தர் ஆட்ட, இன்னொருத்தர் எண்டு மேல விரல் வெச்சுப் பார்த்தா எதுன்னு உடனே தெரியும்.

மூணாவது பிரீதர். முன் ஆக்சில் குழாய் மேல சின்னதா ஒரு காற்றுத் துளை, தலையில மூடியோ ரப்பர் ஹோஸோ இருக்கும். பத்துல எட்டு ஜிப்சியில சேறு காய்ஞ்சு அடைச்சிருக்கும். ஆக்சில் சூடானா உள்ள காற்று விரியும், வெளியே போக வழியில்லன்னா சீலைத் தள்ளிக்கிட்டுத்தான் போகும். அதைச் சரி பண்ணாம எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அடுத்த மழைக்கே மறுபடி கசியும்.

பார்த்துட்டு எழுதுங்க. டயர் பேலன்ஸ், காற்று அழுத்தம், சைஸ், லிஃப்ட் ஷேக்கிள் ஏதாவது போட்டிருக்கா, முன் சக்கரத்தை ஷாஃப்ட்டோட சேர்க்கிற ஃப்ரீ வீல் ஹப் எப்பவும் லாக்கில கிடக்குதா, இதையும் சேர்த்துச் சொல்லுங்க.

மேட்டுநிலம்

நன்றி அண்ணா. பார்த்தாச்சு. கந்தக வாடை அடிக்கிறது, கூழ் மாதிரிதான் வருகிறது. மேலும் கீழும் ஆட்டினால் வலது பக்கம் நன்றாகத் தெரிகிறது, பிரேக் மிதித்தாலும் போகவில்லை. இடது பக்கம் லேசாக. பிரீதர் சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தது, கம்பி விட்டுக் குத்தவே சிரமம். டயர் 205/70 ஆர்15, நான்கும் ஒரே செட், பேலன்ஸ் புதுசு. லிஃப்ட் எதுவும் இல்லை. ஹப் இரண்டும் எப்போதும் லாக்கில்தான் இருக்கிறது, இறங்கித் திருக சோம்பல்.

தேய்ந்தபல்சக்கரம்

அப்படியானால் கசிவுக்கும் உதறலுக்கும் ஒரே வேலைதான். வலது நக்கிளைப் பிரித்து உள் சீல், கிங்பின் பேரிங், வைப்பர் சீல் மூன்றையும் மாற்றினால் இரண்டும் தீரும். ஆக்சிலை இறக்கத் தேவையில்லை. இடது பக்கமும் லேசாக ஆடுகிறது என்கிறீர்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிட் வாங்கி, வலதை முடித்த அடுத்த வாரம் இடதைச் செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பிரித்துப் போட்டால் ஷிம்கள் (இறுக்கம் வைக்கும் மெல்லிய தகடுகள்) கலந்துபோகும்.

வாங்க வேண்டியவை, ஒரு பக்கத்துக்கு: கிங்பின் டேப்பர் பேரிங் 2 (வெளிக் கப்போடு), உள் ஆக்சில் சீல் 1, நக்கிள் சீல் செட் 1 (ஃபெல்ட், ரப்பர், தகடு), ஹப் சீல் 1, ஸ்பிண்டில் லாக் வாஷர் 1, ஸ்பிளிட் பின், மாலிப்டினம் கலந்த இபி கிரீஸ் அரை கிலோ. முன் டிஃப்ரன்ஷியலுக்கு 2 லிட்டர் ஜிஎல்-5 கியர் ஆயில். ஜே.சி. ரோட்டில் சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், பழைய சீலைக் கையோடு கொண்டு போங்கள். முந்தைய ஜிப்சி மாடலான 410-இன் சாமானை இதுவும் சேரும் என்று கையில் திணிப்பார்கள். பேரிங்கை மட்டும் ஸ்பேர் கடையில் வாங்காமல், பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து எஸ்.ஜே.பி. ரோடு பேரிங் கடையில் வாங்கினால் போலி வரும் வாய்ப்பு குறைவு.

இனி வேலை.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அது விரிசல் விடாமல் ஒரேயடியாக நொறுங்கும். பேஸ்மெண்டில் டைல்ஸ் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு போடுங்கள்.

டிஃப்ரன்ஷியல் ஆயிலை இறக்கும் முன் மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து பாருங்கள். கீழே இறக்கிவிட்ட பிறகு ஃபில்லர் கழலவில்லை என்றால் வண்டி நகராது. இறங்கும் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது கொஞ்சம் மலிவான ஆயில் ஊற்றி, சில கி.மீ. ஓட்டி, இறக்கிவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள்.

பிரேக் கேலிப்பரைக் கழற்றி கமான் பட்டையில் கம்பி போட்டுக் கட்டுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பேடில் கியர் ஆயில் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, ஊறிய ஆயில் சூட்டில் திரும்ப வெளியே வரும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஜோடியாக மாற்றுங்கள்.

ஃப்ரீ வீல் ஹப்பைக் கழற்றினால் ஷாஃப்ட் நுனியில் சர்க்ளிப். அதை எடுத்தால் ஸ்பிண்டில் நட்டு, மடித்த லாக் வாஷர், உள்ளே இன்னொரு நட்டு. உளி வைத்துத் தட்டி இந்த நட்டைச் சுற்றுவது நம்மூர்ப் பழக்கம். அதற்கான சாக்கெட் வாங்கிவிடுங்கள், பின்னால் பேரிங் இறுக்கம் வைக்கும்போது அது இல்லாமல் நடக்காது. ஹப்பை டிஸ்க்கோடு இழுத்தால் வெளி பேரிங் கையில் விழும், பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிண்டிலைக் கழற்றியதும் ஷாஃப்ட்டை நேராக, எடையைத் தாங்கியபடி இழுக்கணும். சாய்த்து இழுத்தால் ஸ்ப்ளைன் உள் சீலைக் கீறும். பழைய சீல் எப்படியும் குப்பைக்குத்தான், ஆனால் திரும்பப் போடும்போது இதே தவறு புது சீலைக் கொன்றுவிடும். பாதிப் பேர் செய்த வேலை ஒரு மாதத்தில் கசிவது இங்கேதான்.

டை ராட் எண்டைப் பிரித்து, உருண்டையின் பின்னால் இருக்கும் வைப்பர் சீல் தகட்டைக் கழற்றி, மேல் கிங்பின், கீழ் கிங்பின் போல்ட்டுகளை எடுங்கள். எது மேல், எது கீழ் என்று பெயிண்டில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கும் ஷிம்மைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பேர் எழுதுங்கள். நக்கிள் கையோடு வந்துவிடும்.

இப்போது பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. உருண்டையின் மேற்பரப்பில் துருக்குழி இருந்தால் அது புது வைப்பர் சீலை ரம்பம் போல அறுக்கும். 400 நம்பர் எமரித் தாளால் தேய்த்து, ஆழமான குழிகளை மெட்டல் எபாக்ஸியால் நிரப்பி, வழுவழுப்பாகும் வரை மறுபடி தேய்க்கணும். அடுத்து ஷாஃப்ட்டில் உள் சீலின் உதடு படும் இடம். நகம் மாட்டும் அளவுக்கு வரிப்பள்ளம் விழுந்திருந்தால் புது சீலைப் பழைய ஆழத்திலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள், உதடு தேயாத இடத்தில் படும். கடைசியாக ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் புஷ். அது தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் தலையாட்டும், தலையாட்டும் ஷாஃப்ட்டுக்கு எந்த சீலும் நிற்காது. இதை மெக்கானிக்குகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

உள் சீலை அடிக்கும்போது ஸ்பிரிங் இருக்கும் உதடு டிஃப்ரன்ஷியல் பக்கம் பார்க்கணும். சீலின் வெளி விட்டத்துக்குச் சரியான குழாய்த் துண்டு வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். உதட்டில் கிரீஸ் தடவாமல் ஷாஃப்ட்டை விடாதீர்கள்.

கிங்பின் பேரிங் கப்புகளைப் பித்தளைக் கம்பியால் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினால் வரும். பழைய கப்பில் ரோலர் அளவுக்கு வரிவரியாக அச்சு விழுந்திருக்கும். உங்கள் உதறலுக்குக் காரணம் அதுதான். புதுசைப் போட்டு, கிரீஸ் அடைத்து, பழைய ஷிம்களோடு கிங்பின்களை 20 முதல் 30 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள்.

பிறகு செய்யும் அளவைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஷாஃப்ட்டும் வைப்பர் சீலும் இல்லாத நிலையில், டை ராட் மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியைப் போட்டு, நக்கிள் கையோடு செங்கோணமாக இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும் இடத்தில் தராசு 1 முதல் 1.8 கிலோ காட்டணும். குறைவாக இருந்தால் ஷிம் குறைக்கணும், அதிகமாக இருந்தால் சேர்க்கணும். மேலும் கீழும் ஒரே அளவு எடுங்கள், ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நக்கிளின் மையம் விலகும். இந்த இறுக்கம் இல்லாமல் புது பேரிங் போட்டும் உதறல் போகவில்லை என்று டாம்பர் வாங்க ஓடுபவர்கள் நிறைய.

வீல் பேரிங்குக்கு: உள் நட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஹப்பைக் கையால் பல சுற்று சுற்றி, முழுசாகத் தளர்த்தி, மறுபடி 10 முதல் 15-க்கு இறுக்குங்கள். லாக் வாஷர், வெளி நட்டு, வாஷரை மடக்குங்கள். ஹப் தடையில்லாமல் சுற்றணும், ஆட்டம் இருக்கக் கூடாது.

ஆயில் ஊற்றும்போது வண்டி சமதளத்தில் நிற்கணும். ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை வந்தால் போதும். பேஸ்மெண்ட் சரிவில் நிறுத்தி ஊற்றினால் அளவு கூடிப்போய், தாழ்ந்த பக்கத்து சீல் மறுபடி கசியும்.

ரப்பர்மவுண்ட்

மேலே சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஃபோர் லோ விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கச் சொன்னவர் அடியில் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஜிப்சியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியதில்லை. நடுவில் ஒரு குட்டி ப்ரொபெல்லர் ஷாஃப்ட், கேஸ் மட்டும் தனியாக மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. லிவரின் அடி கேஸில், மேல் பாதி ஃப்ளோர் ஓட்டை வழியாக மேலே. ரப்பர் கிழிந்தால், ஆக்ஸிலேட்டரை விட்டதும் கேஸ் எதிர்ப்பக்கம் உருளும், லிவர் ஃப்ளோர் விளிம்பிலோ இறுகிப்போன ரப்பர் பூட்டிலோ முட்டி வெளியே வந்துவிடும். இறக்கத்தில் கால் எடுத்ததும் குதிக்கிறது என்று நீங்கள் சொன்னதே இதைக் காட்டிக் கொடுக்கிறது. ஏற்றத்தில் முழு இழுவையில் குதித்தால் உள்ளே ஸ்லீவ் பல் தேய்ந்திருக்குமோ என்று சந்தேகப்படலாம்.

கேஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாகத் தூக்குங்கள். இரும்பும் ரப்பரும் பிரிந்து இடைவெளி தெரிந்தால் மவுண்ட் போயிற்று. மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள், ஆனால் கழற்றுவது ஒவ்வொன்றாக. மூன்றையும் ஒன்றாக எடுத்தால் கேஸ் சாய்ந்து, போல்ட் ஓட்டைகளை மறுபடி நேராக்க மாலை ஆகிவிடும்.

மவுண்ட் மாற்றியும் குதித்தால் அடுத்தது கேஸின் வெளியே இருக்கும் பிளக் போல்ட்டுகள். உள்ளே ஸ்பிரிங், அதற்கடியில் குண்டு. இதுதான் லிவரை இடத்தில் பிடித்து நிறுத்துவது. பதினைந்து வருஷத்துக்கு மேலான ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கேஸை இறக்காமலேயே மாற்றலாம். குண்டு வெளியே வராவிட்டால் காந்தத் துண்டால் எடுங்கள். இது இரண்டிலும் தீரவில்லை என்றால்தான் பிரிப்பதைப் பற்றி யோசிக்கணும்.

அடியில் படுத்திருக்கும்போதே ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளான யூஜே கிராஸ்களுக்கும் ஸ்லிப் ஸ்ப்ளைனுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள். மூன்று ஷாஃப்ட், ஆறு கிராஸ். நிப்பிள் கிரீஸை உள்ளே எடுக்கவில்லை என்றால் நிப்பிளை மாற்றுங்கள், அது சில்லறைக் காசு. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் 0.8 லிட்டர், கியர்பாக்ஸ் 1.3, பின் ஆக்சில் 1.5. டிஃப்ரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 மிச்சம் இருக்கிறதே என்று கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்க்கை சின்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கும். அங்கே ஜிஎல்-4, 75டபிள்யூ-90.

ஸ்பானர்14

ஹப் லாக்கிலேயே கிடக்குன்னு சொன்னீங்களே, அதுவும் ஒரு காரணம். லாக்கில இருந்தா டூ ஹையில (பின் சக்கரம் மட்டும் இழுக்கறது) போனாலும் ரெண்டு ஷாஃப்ட்டும், டிஃப்ரன்ஷியலும், முன் ப்ரொபெல்லரும் சும்மாவே சுத்தும். சீல் தேய்மானம் அதிகம், சூடு அதிகம். தார் ரோட்டுல ஃப்ரீயில வைங்க. ஆனா மாசத்துக்கு ஒரு தடவை லாக் போட்டு டூ ஹையில ஒரு பத்து கி.மீ. ஓட்டுங்க, இல்லன்னா ஜாயிண்ட் மேல் பக்கம் எண்ணெய் காணாம துருப்பிடிக்கும். காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் ஹை மட்டும் போட்டுடாதீங்க. இதுல நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது, வளைவுல முன்னும் பின்னும் வேற வேற தூரம் சுத்தணும், சுத்த முடியாம முறுக்கிக்கும். லிவர் வராம இறுகிப்போனா இழுத்து அடிக்காம கொஞ்ச தூரம் நேரா ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு அவிழ்ந்து தானா வரும்.

மேட்டுநிலம்

அருமை. இரண்டு சந்தேகம். நக்கிள் கூடு முழுக்க கிரீஸ் அடைக்கணுமா? பிரீதருக்கு ஹோஸ் நீட்டலாமா?

தேய்ந்தபல்சக்கரம்

முழுக்க அடைக்காதீர்கள். ஜாயிண்டின் குண்டுகளுக்குள் விரலால் நன்றாகத் திணித்து, கூட்டில் பாதி அளவு போதும். முழுசாக அடைத்தால் சூட்டில் விரிந்து வைப்பர் சீலைத் தள்ளும். அப்புறம் கசிவா, மிச்ச கிரீஸா என்று தெரியாமல் குழம்புவீர்கள். சிலர் மெல்லிய கூழ் கிரீஸ் ஊற்றச் சொல்வார்கள். உருண்டையில் துருக்குழி உள்ள வண்டியில் அது நிற்காது.

ஹோஸ் கட்டாயம் நீட்டுங்கள். நிப்பிள் விட்டத்தை அளந்து பெட்ரோல் ஹோஸ் வாங்கி, எஞ்சின் அறையில் மேலே வரை கொண்டுபோய், நுனியை வளைத்துக் கீழ்நோக்கி வைத்துச் சின்ன ஃபில்டர் மாட்டுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஆக்சில் கீழே தொங்கும் நிலையிலும் ஹோஸ் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். பின் ஆக்சிலுக்கும் இதே.

ரப்பர்மவுண்ட்

அந்த ஹோஸ் வாங்கும்போதே எஞ்சின் பெட்ரோல் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். 2007 வண்டியின் ரப்பர் இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்ததில்லை. ஊதிப்போய் மெத்தென்று இருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுங்கள். எம்பிஎஃப்ஐ அழுத்தத்துக்கான ஹோஸும் அதற்கான கிளாம்பும் வேறு, பிரீதருக்கு வாங்கிய சாதா ஹோஸை அங்கே மாட்டினால் தீப்பிடிக்கலாம். வாரக்கணக்கில் நிற்கும் வண்டி என்பதால் டேங்கை முக்காலுக்குக் கீழே விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

வடித்த பழைய ஆயிலை கேனில் மூடி, ஆயில் மாற்றும் பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், மறுசுழற்சிக்கு எடுக்க ஆள் வருவார்கள். பேஸ்மெண்ட் வடிகாலில் ஊற்றினால் ராஜகாலுவே (மழைநீர்க் கால்வாய்) வழியாக நேராக ஏரிக்குத்தான் போகும். அசோசியேஷன் சண்டை தனி.

ஸ்பானர்14

முடிச்சதும் ஒண்ணு. முதல் 200 கி.மீ. ஓடினதும் மறுபடி தூக்கி கிங்பின் போல்ட், டை ராட் எண்டு, கமான் பட்டை யூ போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சில பாருங்க. புது பேரிங் கப் கொஞ்சம் உட்காரும், தராசு அளவும் கொஞ்சம் இறங்கும். 1 கிலோவுக்குக் கீழ போயிருந்தா மேலயும் கீழயும் ஒரே அளவு மெல்லிய ஷிம் எடுத்துடுங்க. வைப்பர் சீல் வெளியே லேசா கிரீஸ் ஈரம் தெரிஞ்சா அது சரிதான், துடைச்சுட்டு விட்டுடுங்க. சொட்டினா மட்டும் இங்க ஃபோட்டோ போடுங்க.